சுண்ணாம்புக் கோட்டில் இரண்டாம் அடுப்பு

அத்தியாயம் 9

இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அம்மன் சன்னதியில் சூடம் ஏற்றி, அதை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தாயிற்று. கை இன்னும் எரிகிறது. ஆடுகள் விஷயத்தை நம்ப முடியாதவர்கள் நேரில் போய் ஆடுகளையே கேட்டுக்கொள்ளலாம்.

மாசாணம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார் என்று இதுவரை சொல்லி வந்ததில் ஒரு சிறு திருத்தம். கட்டவில்லை. கோடு போட்டிருக்கிறார்.

ஆயுளெல்லாம் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் மண் அச்சு பிடித்தவர் அவர். பெரியநாயக்கன்பாளையத்து லைன் வீட்டில், நடுவில் சேலை கட்டி மறைத்த ஒற்றை அறையில் இரண்டு பையன்களை வளர்த்து, ஒருவனுக்குக் கல்யாணமும் செய்துவிட்டு, வேலையிலிருந்து நின்றதும் ஊருக்கு மேற்கே புதிதாகப் பிரித்த லேஅவுட்டில் ஒரு மனை வாங்கினார். இன்ஜினியர் மனோஜ்குமார் பிளானைக் காகிதத்தில் நீட்டியபோது அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அச்சு இல்லாம வார்ப்புங்களா?" என்று கேட்டார். ஆகவே காகிதத்தில் இருந்த வீட்டை அப்படியே, அடிக்கு அடி, மனையில் சுண்ணாம்புத் தூளால் வரையச் சொன்னார். அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டும் முன்பு குடும்பம் முழுவதும் அதற்குள் நடந்து, உட்கார்ந்து, படுத்துப் பார்த்துவிட வேண்டும். எங்கேயாவது இடித்தால் சுவரைக் காலாலேயே தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சமையலறையில் ஐந்து பேர் ஒரே வரிசையில், ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். லைன் வீட்டில் ஒருவர் கதவோரம், ஒருவர் கட்டில் மேல், ஒருவர் வாசற்படியில் என்று சாப்பிட்டே காலம் போய்விட்டது. ஐந்து எவர்சில்வர் தட்டுகளைக் கொண்டுபோய்த் தரையில் வரிசையாக வைத்து, அதற்குத் தகுந்த நீளத்துக்குத்தான் சமையலறைக் கோட்டை இழுத்தார்.

அப்புறம் அந்த வீட்டுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. முன்வாசல் கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றினார்கள். சுவரைத் தாண்டி யாரும் நடப்பதில்லை. பக்கத்து லேஅவுட்டிலிருந்து பார்க்க வந்த உயரமான ஆள் ஒருவர் வாசலில் குனிய மறந்து, நிலை இடித்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டே போனார். ஆடு மேய்க்கும் வெள்ளியங்கிரியின் மந்தை முதல் நாள் எல்லாவற்றையும் மிதித்தது உண்மைதான். மாசாணத்தின் மனைவி வள்ளியாத்தாள் முன்னால் வந்த கிடாவைப் பார்த்து நாலு வார்த்தை கேட்டாள். மறுநாளிலிருந்து ஆடுகள் முன்வாசலில் நுழைந்து, ஹாலைக் கடந்து, பின்வாசல் வழியாகத்தான் போகின்றன. படுக்கையறைப் பக்கம் ஒன்றுகூட எட்டிப் பார்ப்பதில்லை.

வந்தவர் போனவரெல்லாம் யோசனை சொன்னார்கள். போன வாரம் காரில் வந்து இறங்கிய கொடுமுடிக்காரர், சீனிவாசலு என்று பெயர் சொன்ன பெரியவர், கோடுகளைச் சுற்றி வந்து நெடுநேரம் பார்த்தார்.

"கோடு போட்டது நீங்கதானுங்களா?"

"நாந்தானுங்க. ஏனுங்க, எப்படி இருக்குதுங்க?"

"சுத்தமா இருக்குதுங்க. ஒண்ணு ரெண்டு எடம் மட்டும் மாத்தோணுமுங்க. எம் பொண்ணுகிட்டக் கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க."

தன் வீட்டை மாற்ற இந்த மனுஷன் எதற்காகத் தன் பெண்ணைக் கேட்க வேண்டும் என்று மாசாணத்துக்கு வாய் வரை வந்தது. வந்தவரிடம் அப்படி வெடுக்கென்று கேட்கலாமா? "தாராளமாக் கேளுங்க" என்றார்.

"வெயில்ல நிக்காதீங்க. நெழல்ல உக்காந்து மெதுவாப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் போய்விட்டார். போகும்போது செருப்புக் காலோடு ஹாலுக்குள் நடந்து போனார். அது ஒன்றுதான் மாசாணத்துக்குப் பொறுக்கவில்லை.

இவ்வளவுதான் இதுவரை நடந்தது. வருகிற புதன்கிழமை வாணம் தோண்ட நாள் குறித்தாயிற்று. தோண்டிவிட்டால் எந்தச் சுவரையும் காலால் தள்ள முடியாது.

*

சனிக்கிழமை காலை மாசாணம் மொபெட்டை வழக்கம்போல எதிர்வரிசை மனையில், சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் இடத்தில் நிறுத்தினார். அந்த மனையைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு திருப்தி. மேற்கே பார்த்த மனை. எந்த ஏமாளி வாங்கினானோ, வாங்கிப்போட்டு ஒரு தடவைகூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. தன்னுடையது கிழக்கே பார்த்தது. சூரியன் எழுந்தால் முதலில் அவருடைய ஹாலுக்குள்தான் வரும்.

செருப்பைக் கழற்றினார். முன்வாசலில் நுழைந்தார். ஹாலில் நாலு எட்டு வைத்தார். சுவரில் முட்டிக்கொண்டார்.

நேற்று அங்கே சுவர் கிடையாது.

முழங்காலைத் தடவியபடி குனிந்து பார்த்தார். புதிய வெள்ளைக் கோடு ஒன்று ஹாலை நடுவே பிளந்து போய், அங்கிருந்து ஒடிந்து திரும்பி, சமையலறைக்குள் புகுந்து அதையும் இரண்டாக்கியிருந்தது. இந்தப் பக்கம் ஒரு அடுப்பு மேடை. அந்தப் பக்கம் இன்னொரு அடுப்பு மேடை. முன்பக்கம் இரண்டாவது வாசல். வீட்டுக்குள்ளே இருந்த படிக்கட்டு வெளியே போய் நின்றது.

மாசாணத்துக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் இரண்டு வாசல், இரண்டு அடுப்பு, வெளியே படிக்கட்டு என்றால் என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கம் பிறந்த கைக்குழந்தைக்கும் தெரியும்.

ஒரு சிட்டிகை தூளை எடுத்து விரலில் தேய்த்தார். பவுண்டரி மண்ணை விரலாலேயே சலித்தவர் அவர். இது அவர் வாங்கி வந்த சுண்ணாம்பு இல்லை. கோலமாவு.

அந்த நேரம் பார்த்து வெள்ளியங்கிரி ஆடுகளோடு வந்தான்.

"ஏனுங்கண்ணா, ஆளு யாரையாச்சும் அனுப்பி மாத்துனீங்களா? ஆடு பூரா நேத்து சாங்காலம் நடுவால நின்னுபோச்சுங்க. எந்த வாசல்ல நொழையறதுன்னு தெரியாம ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பாத்துக்கிட்டு நிக்குதுங்க."

"யாரு வந்தா, நீ பாத்தியா?"

"தூரமா இருந்து பாத்தனுங்க. ஒரு ஆம்பள, ஒரு பொம்பளப்புள்ள. புள்ள கையில தாளு வெச்சுக்கிட்டு அங்க இங்கன்னு கை காட்டுச்சு. ஆம்பள கோடு போட்டாருங்க."

"புள்ளன்னா எப்படி இருந்துச்சு?"

வெள்ளியங்கிரி யோசித்தான். "கண்ணாடி போட்டிருந்துச்சுங்க."

மூத்த மருமகள் கயல்விழி கண்ணாடி போடுவாள். தினமும் கோலமும் போடுவாள்.

கிடா இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தது. கடைசியில் மந்தையைத் திருப்பிக்கொண்டு எதிர்வரிசைக் கருவேலங்காட்டுக்குள் போய்விட்டது.

*

லைன் வீட்டு வாசலில் மாசாணம் குந்தவைத்து உட்கார்ந்து, செருப்புகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். கயல்விழியின் செருப்பில் வெள்ளை இருந்தது. மூத்தவன் கௌதமனுடைய ஷூவிலும் இருந்தது. இளையவன் பிரவின்குமாரின் செருப்பில் வெள்ளையோடு ஆட்டுப் புழுக்கையும் இருந்தது. வள்ளியாத்தாளின் செருப்பைத் தூக்கியபோது அதற்கு உரியவளே தலைக்கு மேலே நின்றாள்.

"ஏனுங், செருப்புல சோசியம் பாக்கறீங்களா?"

"நேத்து யாரெல்லாம் மனைக்குப் போனீங்க?"

"ஏன், போகக் கூடாதுங்களா? நம்ம ஊடுதானுங்க."

"போனியா, இல்லியா?"

"போனேன். மத்தியானம். சன்னல்ல நின்னு ரோட்டுல பஸ்ஸு தெரியுதான்னு பாத்துப்போட்டு வந்தேன்." அவள் அவர் கையிலிருந்த செருப்பை வாங்கிக் கீழே போட்டாள். "என்ன ஆச்சு?"

அவர் சொன்னார். வள்ளியாத்தாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் மாறவில்லை. மாறாத அந்த முகத்தின் மேல் மாசாணத்துக்கு உடனே ஒரு சந்தேகம் வந்தது.

"நீ ஒண்ணும் அதிர்ச்சியாகல."

"இன்னும் ஊடே இல்ல. இல்லாத ஊட்டுல இல்லாத செவுத்துக்கு நான் என்னாத்துக்கு அதிர்ச்சியாகோணும்? அன்னிக்கே சொன்னேன், அளக்கறவரக் கூட்டியாந்து ஒருக்கா அளந்துபோடலாமுன்னு. ஆளு வந்து குச்சி நட்டுப்போட்டுப் போயிருந்தா இந்தச் சண்டை ஓரியாட்டமே இருக்காதில்ல."

"எனக்கா அளந்து காட்டோணும்? எங்கம்மா அந்த பூமியில பருத்தி எடுத்தவ. வரப்புல துணி விரிச்சு என்னையப் படுக்கப்போட்டு எடுத்தா. மோட்டார் ரூமு இருந்த எடத்துக்கு நேர் கெழக்கு. இன்னிக்கும் கண்ணக் கட்டி உட்டாலும் போயி நிப்பேன்."

மனையைக் காட்ட வந்த லேஅவுட் கம்பெனிப் பையனை இந்தப் பேச்சைச் சொல்லித்தான் டீக்கடையோடு திருப்பி அனுப்பியிருந்தார். அம்மா கூலிக்குப் போன பூமியில் சொந்தக்காரனாகப் போய் நிற்கிறவனுக்கு இன்னொருவன் வழி காட்டுவதாவது. அதைக் குடும்பத்தில் யாரும் அவரிடம் தவறென்று சொன்னதில்லை. சொல்லவும் மாட்டார்கள்.

வள்ளியாத்தாள் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கென்னமோ சின்னவன் மேலதான். ஆவணில கல்யாணம். லோகப்பிரியா ஊட்டுல ஏதாச்சும் சொல்லியிருப்பாங்க. இந்தக் காலத்துல யாருங்க பொண்ணக் குடுத்து மாமியா அடுப்புல நிக்க உடறா?"

"அப்ப கண்ணாடி?"

"லோகப்பிரியாவும் படிக்கறப்பக் கண்ணாடி போடும்."

மாசாணத்தின் கணக்கில் இப்போது இரண்டு கண்ணாடி ஆயிற்று. இன்ஜினியருக்குப் போன் போட்டார்.

"நான் ஒண்ணுமே மாத்தலீங்ணா" என்றான் மனோஜ்குமார். "உங்க ஊட்டுலதானுங்க ஒவ்வொருத்தரும் வாட்ஸப்புல தனித்தனியா மாத்தச் சொல்லி அனுப்பறாங்க. யாருக்கும் சொல்லிப்போடாதீங்கன்னு கடைசில ஒரு வரி வேற."

"ரெண்டாவது அடுப்பு யாரு கேட்டா?"

"அது இதுவரைக்கும் யாரும் கேக்கலீங்க."

இதுவரைக்கும். போனை வைத்த பிறகும் அந்தச் சொல் மாசாணத்தின் காதிலேயே நின்றது.

*

மத்தியானம் எல்லாரையும் மனைக்கு வரச்சொன்னார். சனிக்கிழமை என்பதால் கௌதமனுக்கு சரவணம்பட்டி ஆபீஸ் விடுமுறை. கயல்விழி லேபிலிருந்து நேராக வந்தாள். பம்பு கம்பெனியில் அரை நாள் ஷிப்டு முடித்து பிரவின்குமார் வந்தான். எதற்காகக் கூப்பிட்டாலும் சோறு இல்லாமல் போவது வள்ளியாத்தாளுக்கு ஆகாது. அரிசிம்பருப்புச் சோற்றைத் தூக்குப்போசியில் போட்டு, ஐந்து தட்டையும் பையில் எடுத்து வந்தாள்.

நாலு பேரும் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். எந்த வாசலில் யார் கழற்றுகிறார்கள் என்று மாசாணம் கவனித்தார். கயல்விழி இரண்டுக்கும் நடுவில் கழற்றினாள். கெட்டிக்காரி.

"யாரு இந்தச் செவுத்த வெச்சது?"

பூஜை அறையில் நின்றிருந்த மயில் ஒன்று கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, சங்கடமான நேரம் என்று உணர்ந்தது போல, பின்வாசல் வழியாக வெளியேறியது.

"நீங்களாச் சொல்லிட்டாக் கோவமில்ல. நானாக் கண்டுபுடிச்சேன்னா வேற மாதிரிப் போயிரும்."

பிரவின்குமார் தொண்டையைக் கனைத்தான். "அப்பா, நான் வண்டி நிறுத்தற எடத்த மட்டும் ரெண்டடி உள்ள இழுத்தனுங்க. அவ்வளவுதானுங்க."

கௌதமன் திரும்பினான். "அந்த ரெண்டடி என்ற ரூமுல இருந்தாடா எடுத்தே?"

"காலி எடம்னு நெனச்சேண்ணா."

"கட்டில் போடற எடம்டா அது. கட்டில் வெளிய நிக்குதேன்னு நானும் ஒரு வாரமா முழிக்கறேன்."

"நீ என்ன பண்ணுனே?" என்றார் மாசாணம்.

கௌதமன் தரையைப் பார்த்தான். "பூஜை ரூமுல இருந்து கொஞ்சம் எடுத்துப்போட்டனுங்ப்பா."

"அதான பாத்தேன்" என்றாள் வள்ளியாத்தாள். "சாமி கும்புட உக்காந்தா முட்டி இடிக்குதேன்னு நான் பாத்ரூமுல இருந்து எடுத்துச் சாமிக்குக் குடுத்தேன்."

நாலு பேரும் பாத்ரூமைப் பார்த்தார்கள். அங்கே ஒரு ஆள் நிற்கலாம். பக்கெட் வைத்தால் ஆள் வெளியே வந்துவிட வேண்டும். பாத்ரூமின் மறுபாதியை யார் எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. ஐந்தாவது தட்டுக்கு இடம் போதாமல் போன திங்கட்கிழமை அதை எடுத்துச் சமையலறையோடு சேர்த்தவர் மாசாணம். அவராகவும் சொல்லவில்லை.

"சரி. அதெல்லாம் இருக்கட்டும். இந்தச் செவுரு?"

"நான் இல்லீங்ப்பா."

"நானும் இல்லீங்ப்பா. லோகப்பிரியா மேல சத்தியமா."

"அவ மேல எதுக்குடா சத்தியம்? உம் மேல பண்ணு" என்றாள் வள்ளியாத்தாள்.

மாசாணம் மருமகளைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"அம்மிணி, இது கோலமாவு. நேத்து சாங்காலம் இங்க கண்ணாடி போட்ட புள்ள ஒண்ணு கையில தாளு வெச்சு நின்னதப் பாத்த ஆளு இருக்குது."

"கண்ணாடி போட்டதுக்கெல்லாம் புடிக்கறதுன்னா சரவணம்பட்டில பாதிப் பேரப் புடிக்கோணுமுங்க மாமா." கயல்விழி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "நேத்து சாங்காலம் லேபுல இருந்து நான் கெளம்பறதுக்கே இருட்டாகிப் போச்சுங்க. வேணுமுன்னா போன் பண்ணிக் கேளுங்க."

"நான் ஏன் கேக்கறேன்."

"கேக்கலீன்னாலும் கேப்பீங்க. செருப்பக் கவுத்திப் பாத்தவரு நீங்க. அத்தை சொன்னாங்க."

மாசாணம் மனைவியைப் பார்த்தார். மனைவி தூக்குப்போசியைப் பார்த்தாள்.

கயல்விழி கண்ணாடியை மாட்டிக்கொண்டு புதிய சமையலறைக்குள் நடந்து போனாள். சுவரைத் தாண்டவில்லை, சுற்றிக்கொண்டு, வாசல் வழியாகத்தான் போனாள். மேடை முன்னால் நின்றாள். இடது கையை நீட்டினாள், அங்கே சிங்க். வலது கையை நீட்டினாள், அங்கே அடுப்பு. ஒரு எட்டு பின்னால் வைத்துத் திரும்பினாள்; அங்கே ஜன்னல். மறுபடியும் ஒரு முறை, மெதுவாக, சிங்க்கிலிருந்து அடுப்புக்கு.

கௌதமனுக்கு மனைவியின் அந்த நிதானம் தெரியும்.

"மாமா, நான் இதப் போடலீங்க" என்றாள் கயல்விழி. "ஆனா போட்டது யாரோ, வெவரமா போட்டிருக்காங்க."

மாசாணம் கோட்டோரம் வரை வந்தார்.

"என்ன அம்மிணி சொல்றே?"

"கோவிச்சுக்காதீங்க மாமா. நான் விடியக்காலைல எந்திரிச்சு லேபுக்கு ஓடறவ. குக்கர் வெச்சா அது முடியற வரைக்கும் பக்கத்துல நின்னுதான் தலை சீவறேன். அத்தை அந்த நேரம் வந்து பொறுமையாக் காப்பி போடுவாங்க. நான் அவிய கால மிதிப்பேன், அவிய என் கைய இடிப்பாங்க. ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லிக்கறதில்ல. நாலு வருசமா ஒண்ணும் சொல்லிக்காமயே இருக்கறமுங்க." அவள் மேடைக் கோட்டைக் கால் கட்டைவிரலால் தொட்டாள். "இதப் பாக்கற வரைக்கும் எனக்கு இப்படி ஒண்ணு கேக்கலாமுன்னே தோணலீங்க. இப்ப பாத்துட்டேன்."

மாசாணம் வள்ளியாத்தாள் பக்கம் திரும்பினார். இந்த இடத்தில் அவள் ஏதாவது சொல்வாள். மருமகளை ஒரு சொல் கேட்பாள், அல்லது அழுவாள். இரண்டில் எதுவானாலும் அவருக்குத் துணைதான்.

வள்ளியாத்தாள் பழைய சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். தரையில் ஒரு இடத்தைக் காட்டினாள்.

"இங்க உப்பு டப்பா வெப்பேன்."

"என்னது?"

"உப்பு டப்பாங்க. வெச்சா வெச்ச எடத்துல இருக்கோணும். உங்கம்மா இருந்த வரைக்கும் அவிய எடத்துல இருந்துச்சு. அப்புறமேட்டுக்கு மருமக வந்தா. அவ எடத்துல இருக்குது. நடுவுல என்ற எடம்னு ஒண்ணு வரவே இல்ல." கயல்விழியைப் பார்த்து, "உன்னையக் குத்தம் சொல்லல கண்ணு" என்றாள்.

"தெரியுமுங்க அத்தை."

"மொளகாப்பொடிய வேணா நீயே வெச்சுக்க. எனக்கு ஒப்பறதில்ல."

மாசாணத்துக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஒருவர் போட்டிருந்தால் அவர் மன்னித்திருப்பார். யாருமே போடவில்லை என்றால், எல்லாரும் சேர்ந்துதான் போட்டிருக்கிறார்கள். வாட்ஸப்பில் பேசி, ஆளுக்கொரு பொய்யைப் பிரித்துக்கொண்டு, அந்த ரெண்டடிக் கதையையும் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். மயில்கூட முன்னமே தெரிந்துதான் எழுந்து போனது.

"முன்னாடியே பேசிப்போட்டு வந்தீங்களா?"

"இல்லீங்ப்பா" என்றான் கௌதமன். "பேசியிருந்தா இவ்வளவு தெளிவா வந்திருக்காதுங்க."

அதுதான் அவரை இன்னும் சந்தேகப்பட வைத்தது.

*

பசி வந்துவிட்டது. வள்ளியாத்தாள் பையைத் திறந்து தட்டுகளைப் போட்டாள். கை பழக்கத்தில் ஒரே வரிசையாகத்தான் போட்டாள், கிழக்கே பார்த்து, ஒன்றின் ஓரம் இன்னொன்றைத் தொடுகிற மாதிரி. முதல் தட்டு, இரண்டு, மூன்று. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே வெள்ளைக் கோடு போயிற்று. யாரும் எதையும் நகர்த்தவில்லை.

கௌதமனும் கயல்விழியும் கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். மற்ற மூன்று பேரும் இந்தப் பக்கம். வள்ளியாத்தாள் நெய் ஊற்றிக்கொண்டே வந்தவள் கோட்டருகே நின்றாள்.

"கையை நீட்டி ஊத்தலாமா, சுத்தி வரோணுமா?"

"சன்னல் வெச்சுக்கலாமுங்க அத்தை" என்றாள் கயல்விழி. "கொழம்பு குடுக்கறதுக்கு."

பிரவின்குமார் சிரித்தான். கௌதமனும் சிரித்தான். வள்ளியாத்தாள் சிரிக்காமல் இருக்கப் பார்த்து, முடியாமல், முந்தானையால் வாயைப் பொத்தினாள். அந்தக் குடும்பத்தில் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் சோறு அது. மாசாணம் அதைக் கவனிக்கவில்லை. அவர் பிரவின்குமாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆவணிக்குப் பிறகு இவனுக்கு ஒரு கோடு வரும். அப்புறம் இந்தப் பக்கம் இரண்டு தட்டு.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் எழுந்து போனார். மொபெட்டிலிருந்து சுண்ணாம்பு டின்னை எடுத்து வந்தார். கோட்டை அழிக்கப் போகிறார் என்று நினைத்து கயல்விழி எழுந்து நின்றாள்.

"அப்பா, உடுங்ப்பா" என்றான் கௌதமன். "மனசு இல்லீன்னா வேண்டாம். பழைய மாதிரியே போட்டுக்கலாமுங்க."

மாசாணம் ஹாலில் கோடு தொடங்கும் இடத்தில் குனிந்தார். கோலமாவின் மேல் சுண்ணாம்பைப் போட்டார். ஒரு இம்மி விலகவில்லை. அச்சு பிடித்த கை. ஹாலைப் பிளந்து, ஒடிந்து, சமையலறைக்குள் புகுந்து, இரண்டு அடுப்புக்கும் நடுவே, மூன்றாவது தட்டுக்கும் நாலாவது தட்டுக்கும் நடுவே போய்ச் சுவரைத் தொட்டு நிறுத்தினார். நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"கோலமாவு காத்துக்கு நிக்காது" என்றார். "போடறது போட்டீங்க, சுண்ணாம்புல போட்டிருக்கக் கூடாதா?"

"நாங்க போடலீங்க மாமா."

"சரி அம்மிணி. போடல." மனோஜ்குமாருக்குப் போன் போட்டு, தரையில் இருப்பதை இருக்கிறபடியே காகிதத்தில் ஏற்றச் சொன்னார். புதன்கிழமை விடியற்காலை ஜேசிபி வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

எதிர்வரிசையில் மொபெட்டைக் கிளப்பும்போது கருவேல முள் ஒன்று வேட்டியைப் பிடித்து இழுத்தது. அதை விடுவித்தபடி, இந்த மனையை வாங்கிய ஏமாளியைப் பற்றி வழக்கமாகச் சொல்வதை ஒரு தடவை சொன்னார்.

செருப்புக் காலோடு ஹாலில் நடந்துபோன கொடுமுடி சீனிவாசலு, கோடு போட்ட அந்த மனைக்குச் சொந்தக்காரர்; கண்ணாடி போட்ட புள்ள அவர் மகள். மாசாணம் வாங்கிய மனை அந்தக் கருவேலங்காடு.